பிசிஓஎஸ் ஏன் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சினைப்பையில் நீர்க்கட்டி" என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றே பல வீடுகளில் விசாரணை தொடங்கிவிடுகிறது. ஹோட்டல் சாப்பாடு, பிராய்லர் கோழி, ராத்திரி செல்போன், வயதுக்கு வந்தபோது களி சாப்பிட அடம்பிடித்தது என்று ஒவ்வொன்றாகப் பழி விழும். கடைசியில் எல்லாப் பழியும் அந்தப் பெண்ணின் தலையில்தான் வந்து நிற்கும். அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பேசப்படும் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்), மாதவிடாயையும் முட்டை வெளிவருவதையும் குலைக்கும் ஒரு ஹார்மோன் கோளாறு. அதன் காரணங்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்தில் இருப்பது எது, வெறும் பேச்சு எது என்று இங்கே பிரித்துச் சொல்கிறோம். சிகிச்சையைக் காரணத்தோடு தொடர்புள்ள இடங்களில் மட்டும் தொட்டிருக்கிறோம்.

எனக்கு ஏன் வந்தது? ஒரே ஒரு காரணம் சொல்ல முடியுமா?

முடியாது. யாராவது ஒரே காரணத்தைச் சொன்னால், அடுத்து அவர் எதையாவது விற்கப் போகிறார் என்று எச்சரிக்கையாக இருங்கள்.

இதில் மூன்று சரடுகள் பின்னிக் கிடக்கின்றன. பிறக்கும்போதே உடன் வந்த மரபணுச் சாய்வு ஒன்று. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது இன்னொன்று. மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் ஹார்மோன் கட்டளைகளின் வேகம் மாறிப்போனது மூன்றாவது. ஒன்று மற்றதைத் தூண்டும், அது திரும்பி வந்து முதலாவதைத் தூண்டும். எங்கே ஆரம்பித்தது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு இன்சுலின் பக்கம் கனமாக இருக்கும். ஒல்லியாக இருக்கும் இன்னொருவருக்கு மூளை, சினைப்பை பக்கம் கனமாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ் இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பது தெரியாமலேயே இருக்கிறார்கள்.

ஸ்கேனில் கட்டி தெரிகிறதே, அந்தக் கட்டிதானே காரணம்?

இல்லை. அது விளைவு. "நீர்க்கட்டி" என்ற பெயர்தான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஆரம்பம்.

ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே இல்லை. அவை ஃபாலிக்கிள்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு முட்டையை வைத்திருக்கும் நுண்ணிய நீர்ப்பைகள். எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் இவை உண்டு. வழக்கமான மாதத்தில் ஒரு கூட்டம் ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மி.மீ. அளவுக்கு, ஏறக்குறைய ஓர் அரைநெல்லிக்காய் அளவுக்கு, வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கி மறைந்துவிடும். பிசிஓஎஸ்ஸில் எதுவுமே முந்துவதில்லை. எல்லாம் மிளகு அளவில், 5 முதல் 8 மி.மீ.க்குள் நின்றுபோகின்றன. அப்படி நின்றவை சினைப்பையின் ஓரத்தில் மாலை போல வரிசையாகத் தெரியும். ரிப்போர்ட்டில் நீங்கள் படித்தது அதைத்தான்.

சிகாகோவில் இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935-இல் 7 பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த நோய்க்குறித் தொகுப்பு முதன்முதலாகத் தெளிவாக விவரிக்கப்பட்டது. அவர்கள் சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள், மாதவிடாய் திரும்பியது. அதனால் கோளாறு சினைப்பைக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. உண்மையில் மாதவிடாய் திரும்பியது, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களைச் சுரக்கும் திசு குறைந்ததால் கிடைத்த பலன். இன்சுலின் கோளாறும் மரபணுச் சாய்வும் அப்படியே இருந்தன. "கட்டியைக் கரைக்கிறோம்" என்ற விளம்பரங்கள் நம்பி நிற்பதும் அதே பழைய எண்ணத்தைத்தான். கரைப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. முட்டை வெளிவரத் தொடங்கினால் சுழற்சி தானாகச் சீராகும்.

பிசிஓடி, பிசிஓஎஸ் இரண்டும் வேறு வேறா?

நம் ஊரில் இரண்டு பெயரும் ஒன்றுக்கேதான் புழங்குகின்றன. "பிசிஓடி சாதாரணம், பிசிஓஎஸ் முற்றியது" என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை. பெரியவர்களுக்கு 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடித்தளம். மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் ஃபாலிக்கிள் மிகுதி ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். வேறு நோய்களும் இல்லை என்று உறுதியாக வேண்டும். 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக, சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொள்கிறது. வெறும் ஸ்கேன் மட்டும் இப்படி இருந்து, மாதவிடாய் 28, 30 நாளில் ஒழுங்காக வந்து, முகத்தில் முடியும் இல்லாமல், ஹார்மோன் அளவும் சரியாக இருந்தால் அது பிசிஓஎஸ் இல்லை.

மூளைக்கும் சினைப்பைக்கும் நடுவே என்ன தடம் மாறுகிறது?

மூளையின் அடியிலுள்ள ஹைபோதாலமஸ், ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. துடிப்பு வேகமாக இருந்தால் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனை அதிகம் விடும். நிதானமாக இருந்தால், ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை அதிகம் விடும். பிசிஓஎஸ்ஸில் இந்தத் துடிப்பு தொடர்ந்து வேகமாகவே இருக்கிறது. எல்ஹெச் கூடி, எஃப்எஸ்ஹெச் போதாமல் போகிறது.

சினைப்பையில் இதன் பலன் இரண்டு இடங்களில் தெரியும். ஃபாலிக்கிளின் வெளிச்சுவர்ச் செல்கள் எல்ஹெச்சின் தூண்டுதலில் ஆண்ட்ரோஜன் தயாரிக்கும். உட்சுவர்ச் செல்கள் எஃப்எஸ்ஹெச்சின் உதவியோடு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். வெளியே தயாரிப்பு கூடி, உள்ளே மாற்றும் வேலை மந்தமானால் ஆண்ட்ரோஜன் தேங்கத்தானே செய்யும்? முகப்பரு, தாடையில் முடி, நடு உச்சியில் முடி கொட்டுவது எல்லாம் அங்கிருந்து வருபவை. பாதியில் நின்ற சிறு ஃபாலிக்கிள்கள் ஏஎம்ஹெச்சை நிறையச் சுரக்கின்றன. அது இருக்கிற கொஞ்ச எஃப்எஸ்ஹெச்சின் வேலையையும் கெடுக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அந்தப் புரோஜெஸ்டிரோன்தான் மூளையின் துடிப்பை நிதானப்படுத்துவது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் இல்லை, துடிப்பும் தணிவதில்லை, அடுத்த மாதமும் முட்டை வருவது கடினமாகிறது. ஒரு மாதம் தவறினால் தொடர்ந்து தவறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சர்க்கரை நோய்க்கான இன்சுலினுக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நம் பெண்களுக்கு மிகவும் பொருந்துவது இதுதான்.

1980-இல்தான் இன்சுலின் அளவும் ஆண் ஹார்மோன் அளவும் சேர்ந்து உயர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1989-இல் ஆய்வாளர் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர், உடல் எடையால் வருவதற்கும் மேலாக பிசிஓஎஸ்ஸுக்கென்றே தனியாக இன்சுலின் தடை (இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதது) இருக்கிறது என்று காட்டினார்கள்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே வாங்க வேண்டியது தசை. இன்சுலின் தடை உள்ளவர்களுக்குத் தசை அந்தக் கட்டளையைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைச் சமாளிக்கிறது. அதனால்தான் "சுகர் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். சர்க்கரை சரியாக இருக்கும், அதைச் சரியாக வைத்திருக்கக் கணையம் படும் பாடு அந்த ரிப்போர்ட்டில் தெரியாது.

தசைதான் இன்சுலினைக் கேட்க மறுக்கிறது. சினைப்பை மறுப்பதில்லை. கூடுதலாகச் சுற்றும் இன்சுலின் அத்தனையும் சினைப்பையை எட்டி, எல்ஹெச்சோடு கைகோத்து ஆண்ட்ரோஜன் தயாரிப்பை முடுக்குகிறது. அதே இன்சுலின் கல்லீரலில் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தின் தயாரிப்பைக் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் அது. பிடிப்பு குறைந்தால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் கூடும். மொத்த டெஸ்டோஸ்டிரோன் நார்மல் என்று வந்த பிறகும் முகத்தில் முடி வளர்வதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. முடிந்தால் எஸ்ஹெச்பிஜியும் சேர்த்துப் பார்த்து, கட்டற்ற அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கழுத்தில் கருப்பாக இருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. இதுவும் இதனாலா?

பெரும்பாலும் ஆமாம். பின்கழுத்தின் மடிப்பில் விரலால் தடவிப் பாருங்கள். வெறும் நிறமாற்றமாக இருக்காது. வெல்வெட் துணி போலத் தடித்து, நுண்ணிய வரிகளோடு இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் அப்படியே இருக்கும். அதிக இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருக வைப்பதால் வருவது இது. தாலிச் சங்கிலி உரசியது என்றும் அழுக்கு என்றும் நினைத்து பீர்க்கங்கூட்டாலும் எலுமிச்சையாலும் தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கருக்கும். கருமை தெரிந்த உடனே சுகர் டெஸ்ட்டுக்குப் போவதுதான் சரியான பதில். இன்சுலின் குறையத் தொடங்கினால் சில மாதங்களில் மெல்ல வெளுக்கும்.

குண்டாக இருப்பதால்தான் வந்ததா? ஒல்லியாக இருக்கிற என் தங்கைக்கும் வந்திருக்கிறதே?

எடை மட்டும் தனியாக பிசிஓஎஸ்ஸை உண்டாக்கிவிடாது. ஏற்கெனவே சாய்வு உள்ள உடம்பில் எடை கூடும்போது இன்சுலின் தடை ஏறி, உள்ளே அடங்கி இருந்தது வெளியே தெரிகிறது. கல்லூரி விடுதியில் 8 கிலோ ஏறிய வருடத்தில் மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கியது என்று பலர் சொல்வது அதனால்தான். பிசிஓஎஸ் இருப்பதே எடையைக் குறைப்பதை மேலும் கடினமாக்குகிறது. "வாயைக் கட்டினால் சரியாகிவிடும்" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம்.

ஒல்லியானவர்களுக்கும் இன்சுலின் தடை இருக்கலாம். தெற்காசிய உடல்வாகில், கை கால் மெலிந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது சாதாரணம். அதனால் நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கத்தியக் கணக்கில் அது 25. எடை மெஷினை விட அளவு டேப் உங்களுக்கு அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. புடவை கட்டும் இடத்தில் அளந்தால் கணக்கு தவறும், அது கொஞ்சம் கீழே இருக்கும்.

பரம்பரையாக வருமா? எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே?

மரபின் பங்கு பெரியது. நெதர்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, இந்த நோய் யாருக்கு வருகிறது என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் மரபணுக்களால் என்று கணக்கிட்டது. ஆனால் "பிசிஓஎஸ் மரபணு" என்று ஒன்று கிடையாது. சீனப் பெண்களிடம் நடந்து 2011-இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வில் முதலில் மூன்று இடங்கள் பிடிபட்டன. பிறகு மற்ற நாட்டு ஆய்வுகளில் இன்னும் பல சேர்ந்தன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பல சேர்ந்தால்தான் சாய்வு உருவாகும். அதனால் ரத்தத்தை எடுத்து மரபணு டெஸ்ட் செய்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் யாருக்கும் இல்லை என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அம்மா காலத்தில் ஸ்கேன் இல்லை. "எனக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும், கல்யாணம் ஆனதும் சரியாப் போச்சு" என்று அம்மாவோ சித்தியோ அத்தையோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேட்டுப் பாருங்கள். அப்பா பக்கத்தையும் கேளுங்கள். இந்தச் சாய்வு ஆண்கள் வழியாகவும் இறங்கும். அவர்களிடம் அது இளம் வயது வழுக்கையாகவோ, 35 வயதிலேயே வந்த சர்க்கரையாகவோ தெரியலாம். தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் சர்க்கரை என்றால் அது உங்கள் சினைப்பைக்கும் சம்பந்தமுள்ள செய்தி.

கர்ப்பத்தில் இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்கிறார்களே?

விலங்குகளில் வலுவான சான்று இருக்கிறது. கர்ப்பிணி ரீசஸ் குரங்குகளுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் முட்டை வெளியாவதில் கோளாறும் எல்ஹெச் மிகுதியும் இன்சுலின் கோளாறும் காட்டின. மனிதர்களில் இதே சோதனையைச் செய்ய முடியாது. ஆனாலும், ஸ்வீடனின் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள தாய்மாரின் மகள்களுக்கு அது கண்டறியப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. இதில் மரபணு எவ்வளவு, கருப்பைச் சூழல் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கர்ப்பத்தில் அம்மா எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளவே கூடாது.

பிராய்லர் கோழியில் போடும் ஹார்மோன் ஊசிதானே காரணம்?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. பதில்: இல்லை.

பிராய்லர் ஆறு வாரத்தில் 2 கிலோ எட்டுவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததாலும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படி ஆகாது. அப்படியே போட்டாலும், இறைச்சியோடு நாம் சாப்பிடும் புரத ஹார்மோன் மற்றப் புரதம் போலவே செரித்துவிடும். ஸ்டெயினும் லெவன்தாலும் எழுதிய 1935-இல் இன்றைய பிராய்லர் இனமே இல்லை. பிறவியிலிருந்தே சைவமாக இருக்கும் பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது.

கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு உண்மையான பிரச்சினை. அது மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய வேறு கதை. பொரித்த கோழியோடு ஃப்ரைடு ரைஸும் குளிர்பானமும் அடிக்கடி சேர்ந்தால் எடை ஏறும், அதையும் ஹார்மோன் ஊசி என்ற கணக்கில் எழுத வேண்டாம். வீட்டில் குழம்பு வைத்த கோழி நல்ல புரதம். பயந்து அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வதால் கெடுதல்தான்.

வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி, நல்லெண்ணெய் சரியாகக் கொடுக்காததால் வந்ததா?

இல்லை. உளுந்து நல்ல உணவு. களி தின்னாததால் பிசிஓஎஸ் வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஏற்கெனவே இன்சுலின் தடை உள்ள பெண்ணுக்கு, தினமும் கருப்பட்டி நிறையப் போட்ட களி கொடுத்து ஈடுசெய்ய நினைப்பதுதான் தவறாகப் போகும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இன்சுலின் விஷயத்தில் சர்க்கரையே.

மன அழுத்தம், இரவு ஷிப்ட்?

தொடர்ந்து நான்கைந்து மணி நேரமே தூங்கினால் இன்சுலின் தடை கூடும். இரவு ஷிப்ட் மாதவிடாய்ச் சுழற்சியைக் குலைப்பதும் உண்டு. இவை பிசிஓஎஸ்ஸை மோசமாக்கலாம், தாமே உண்டாக்குவதாகச் சான்று இல்லை. எடை அதிகமாக இருந்து, குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் அது அதிகம்.

மன அழுத்தத்தோடு கலந்து ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பட்டினி கிடந்தோ கடுமையாக ஓடியோ ஆறு மாதத்தில் 10 கிலோ இறக்கிய ஒரு மெலிந்த பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள் தெரிகிறது. உடனே "பிசிஓஎஸ், எடையைக் குறை" என்கிறார்கள். உண்மையில் அது உணவு போதாமல் ஹைபோதாலமஸ் தன் வேலையை நிறுத்திக்கொண்ட நிலை. அதில் எல்ஹெச்சும் ஈஸ்ட்ரோஜனும் குறைவாக இருக்கும், கருப்பையின் உட்சுவர் மெலிந்திருக்கும், ஆண் ஹார்மோன் கூடியிருக்காது. அதற்கு வைத்தியம் கூடுதலாகச் சாப்பிடுவது. இரண்டையும் குழப்பி உணவை இன்னும் குறைத்தால், ஈஸ்ட்ரோஜன் போதாமல் எலும்பு தேயும்.

பிளாஸ்டிக் காரணமா?

பிபிஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் பிசிஓஎஸ் உள்ளவர்கள் ரத்தத்தில் அதிகம் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆண் ஹார்மோன் கூடும்போது கல்லீரல் பிபிஏவை வெளியேற்றுவதும் மந்தமாகலாம். எது முன், எது பின் என்பது தீரவில்லை. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை நிறுத்தி எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போவது நல்லதுதான். பிசிஓஎஸ் அதனால் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏதாவது மாத்திரையால் வருமா?

கருத்தடை மாத்திரையால் வராது. மாத்திரை சாப்பிடும்போது மாதம் தவறாமல் ரத்தப்போக்கு வரும், பருவும் குறையும். நிறுத்தியதும் பழையது வெளியே தெரியும். "மாத்திரையால்தான் வந்தது" என்ற எண்ணம் அப்படிப் பிறப்பதுதான்.

கவனிக்க வேண்டியது வால்ப்ரோயேட். வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் கொடுக்கும் மருந்து. 1993-இல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஆய்வு, இதைச் சாப்பிடும் பெண்களிடம் பிசிஓஎஸ் அறிகுறிகள் அதிகம் என்று காட்டியது. 20 வயதுக்கு முன் தொடங்கியவர்களிடம் இன்னும் அதிகம். கர்ப்பத்தில் குழந்தைக்கும் இது ஆபத்தான மருந்து. ஆனால் நீங்களாக நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பியல் மருத்துவரிடம் மாதவிடாய் விவரத்தைச் சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

பிசிஓஎஸ் போலவே தோன்றும் வேறு காரணங்கள் என்ன? எந்தெந்த டெஸ்ட், எப்போது?

முதலில் கர்ப்பப் பரிசோதனை, எத்தனை பேருக்குச் சங்கடமாக இருந்தாலும். அடுத்து தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பிறகு பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின். புரோலாக்டினைக் காலையில், பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு எடுப்பது நல்லது. ஊசிப் பயத்திலும் ஓடிவந்த களைப்பிலும் அது கொஞ்சம் ஏறிக் காட்டும்.

17-ஓஹெச்பி என்ற ஹார்மோனுக்கான ரத்த டெஸ்ட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் நோய், அப்படியே பிசிஓஎஸ் போலத் தெரியும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். எனவே மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். மாதவிடாயின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள், காலையில் ரத்தம் கொடுங்கள். 200 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தால் அந்த நோய்க்கு வாய்ப்பு குறைவு.

குரல் தடித்து, சில மாதங்களிலேயே முடி வேகமாக வளர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் 200 நானோகிராம்/டெசிலிட்டரை நெருங்கினால் சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் அப்படித் திடீரென்று பாயாது.

டெஸ்ட் தப்பாக வருவதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பது ஒன்று. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும், இடையில் வேறு கருத்தடை முறை தேவை. இன்னொன்று பயோட்டின். முடி கொட்டுகிறது என்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஏராளம். சில லேப் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனை அதிகமாகவும் டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் காட்ட வைக்கும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

சுகருக்கு எந்த டெஸ்ட்? ஃபாஸ்டிங் இன்சுலின் பார்க்கலாமா?

75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்தான் சிறந்தது. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். பிறகு குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, நடக்காமல் உட்கார்ந்து, சரியாக இரண்டு மணி நேரத்தில் இன்னொரு ரத்தம். இரண்டாவது 140 முதல் 199 வரை வந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாதம், இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும். ஃபாஸ்டிங் மட்டும் பார்த்தால் பலர் தப்பிவிடுவார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் ரத்தசோகையில் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் அது கூட்டிக் காட்டலாம். ஃபாஸ்டிங் இன்சுலின் லேபுக்கு லேப் மாறும். வழக்கமான சிகிச்சைக்கு அது தேவையில்லை.

என் மகளுக்கு 14 வயது. பீரியட்ஸ் ஒழுங்கில்லை, ஸ்கேனில் பிசிஓடி என்கிறார்கள்.

அந்த ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது. வயதுக்கு வந்து எட்டு வருடம் வரை, நிறைய ஃபாலிக்கிள் தெரிவது அந்த வயதின் இயல்பு. சர்வதேச வழிகாட்டுதல் அந்தக் காலத்தில் நோயறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. ஏஎம்ஹெச்சும் அப்படியே. முதல் வருடம் மாதவிடாய் எப்படி வந்தாலும் இயல்பு. ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை சரி. அதன் பிறகு 35 நாளைத் தாண்டுவது தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு முறை 90 நாள் தாண்டினாலும் மருத்துவரைப் பாருங்கள். ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் மிகுதியும் இரண்டும் இருந்தால்தான் இந்த வயதில் பிசிஓஎஸ்.

காரணத்தையே நீக்க முடியாது என்றால் எதைச் செய்வது?

மரபணுவை மாற்ற முடியாது. இன்சுலினைக் குறைக்க முடியும். எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம், அதாவது 70 கிலோ இருந்தால் மூன்றரை முதல் 7 கிலோ குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. வாரம் 150 நிமிடமாவது வேகநடை, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. சர்க்கரையை வாங்கும் தசையே கூடுகிறது என்பதால், எடை குறையாவிட்டாலும் இதற்குப் பலன் உண்டு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 12 முறை வீதம் மூன்று சுற்று செய்வதே நல்ல தொடக்கம்.

உணவில் கீட்டோ, சிறுதானியம் என்று எந்த ஒன்றும் மற்றதை வென்றதாகச் சான்று இல்லை. தாங்கிப் பிடிக்க முடிந்ததுதான் உங்களுக்குச் சரி. நாள் முழுக்க நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 40 கிராம். அங்கே கை வைப்பது சாதத்தில் கை வைப்பதை விடச் சுலபம்.

இன்சுலின் தடையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பலருக்கு உதவும். 500 மில்லிகிராமில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை மெல்லக் கூட்டினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் குறையும். முதல் நாளே முழு அளவு சாப்பிட்டுப் பயந்து நிறுத்தியவர்கள் நிறைய. நீண்டகாலம் சாப்பிட்டால் பி12 அளவைப் பாருங்கள்.

மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போகும்படி விட வேண்டாம். புரோஜெஸ்டிரோன் இல்லாமல் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அந்த உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், இளவயதில் மொத்த எண்ணிக்கை குறைவு என்றாலும்.

எனக்கு இருக்கிறது. தங்கைக்கும் நாளை மகளுக்கும் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்கேன் வேண்டாம். தங்கையை மாதவிடாய்த் தேதிகளை காலண்டரில் ஒரு வருடம் குறித்து வரச் சொல்லுங்கள். வருடத்துக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலோ, தாடை, மேலுதடு, தொப்புளுக்குக் கீழே தடித்த முடி வளர்ந்தாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மகளுக்கு எட்டு வயதுக்கு முன்பே அந்தரங்க உறுப்பில் முடி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பின்கழுத்தை அவ்வப்போது பாருங்கள். அண்ணன் தம்பிகளுக்கும், அவர்கள் 30-ஐத் தொடும் முன்பே ஒரு முறை சுகர் பார்த்துவிடுங்கள்.